இடுப்பில் இரண்டு அங்குலம்

கார்வர் மில் ஊரில் ஆண்பிள்ளைகள் யாரும் நெல்டா பர்செலிடம் எதையும் மறைத்ததில்லை. மறைக்க முடியாது, அதுதான் விஷயம். புது பேன்ட்டைக் கையில் போட்டுக்கொண்டு அவள் தையல் கடைக்கு வருவார்கள். வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டு, இஞ்சு டேப்பை இடுப்பைச் சுற்றிப் போட்டு, அவள் வழக்கமான கேள்வியைக் கேட்பாள்.

"இடுப்புல ஏதாவது வைப்பீங்களா?"

"ஆமா."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். கொஞ்சம் பின்னாடி."

அவ்வளவுதான் பேச்சு. துப்பாக்கியை உறையோடு பேன்ட்டுக்கு உள்ளே சொருகி, மேலே சட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நடமாடுகிற ஊர் அது. கடையில் தொங்குகிற பேன்ட் எதுவும் அதற்கு இடம் கொடுக்காது. பின்பக்கத் தையலைப் பிரித்து, ஒட்டுத்துணி வைத்து, இரண்டு அங்குலம் விட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் மூச்சுவிட முடியாது. இருபத்தாறு வருஷமாக நெல்டா அந்த இரண்டு அங்குலத்தை விட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. அதில் இடுப்பு எவ்வளவு, துப்பாக்கியோடு எவ்வளவு, எந்தப் பக்கம் என்று எழுதி பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தாள். சர்ச் பாஸ்டர் இடது கணுக்காலில் கட்டுகிறார் என்பது அவருடைய மனைவிக்குக்கூடத் தெரியாது, நெல்டாவுக்குத் தெரியும். அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த மாதிரி வாய் இந்தக் காலத்தில் யாருக்கு இருக்கிறது சொல்லுங்கள்.

இத்தனை பேருக்கு இடம் பண்ணிக் கொடுத்தவள், ஐம்பத்தேழு வயதுவரை தனக்கென்று ஒன்று வைத்துக்கொண்டதில்லை. புருஷன் செத்த பிறகு அவருடைய மான் வேட்டைத் துப்பாக்கியைக்கூட மச்சான் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

பிப்ரவரி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தபோது, அவள் வீட்டு வாசல்படியில் தங்கை ட்வைலா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அழுக்குத்துணிப் பை ஒன்று. அதற்குள் அவளுடைய பத்தொன்பது வருஷக் கல்யாணம் மொத்தமும் அடங்கிவிட்டது.

அவள் புருஷன் ராய்ஸ் அவளை அடித்தானா என்று ஊரில் கேட்டார்கள். இரண்டு முறை அடித்திருக்கிறான். ஆனால் ட்வைலாவை உடைத்தது அடி இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவன் இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பான், அதன் குழல்வாய் அவள் பக்கம் பார்த்திருக்கும். ஒன்றும் சொல்ல மாட்டான். "உப்பை எடு" என்பான். அவள் எடுத்துக் கொடுப்பாள். பத்தொன்பது வருஷம் உப்பு எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

அன்றைக்கு ட்வைலா உள்ளே வருவதற்கு முன்னால் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"அக்கா, இந்த வீட்ல அது மட்டும் இருக்கக் கூடாது. ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாலும் நான் போயிடுவேன்."

"எங்கடி போவ?"

ட்வைலா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். போவதற்கு அவளுக்கு இன்னும் ஒரே ஒரு வீடுதான் இருந்தது. அது யாருடைய வீடு என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"இல்ல. என்கிட்ட எதுவும் இல்ல. வா உள்ள" என்றாள் நெல்டா. அன்றைக்கு அது நிஜம்.

நீதிபதி உத்தரவு போட்டார். ராய்ஸ் ட்வைலா பக்கம் போகக் கூடாது, துப்பாக்கி எதையும் வைத்திருக்கக் கூடாது. அவனும் எல்லாவற்றையும் மாமன் மகனிடம் கொடுத்துவிட்டேன் என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். போய்ப் பார்த்தது யார்? ஒருத்தரும் இல்லை. அந்தக் காகிதத்தின்மேல் தலையை வைத்து ஒரு பெண்பிள்ளை தூங்க வேண்டும் என்றால் தூக்கம் வருமா? ட்வைலாவுக்கு வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த நெல்டாவுக்கும் வரவில்லை. அவனுடைய சாம்பல் நிற டிரக் தினம் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வீட்டைத் தாண்டிப் போயிற்று. ரோடு பொது ரோடு. கேட்க முடியாது. வீட்டுக்கு முன்னால் வரும்போது வண்டி மெதுவாகும். நெல்டா கையில் இருக்கிற பாத்திரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு, சத்தம் தேய்ந்து போகிறவரை நிற்பாள்.

மார்ச் மாசம் அவள் ஹாய்ட்டின் கடைக்குப் போனாள். முழுப்பெயர் ஹாய்ட் லிண்டில், மீன்பிடி சாமானும் துப்பாக்கியும் விற்கிறவர். அவளுடைய வயதுதான், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

"வாம்மா நெல்டா. என் பேன்ட்டு ரெடியா?"

"உன் பேன்ட்டுக்கு வரல. எனக்கு ஒண்ணு வேணும்."

"என்ன, மீன் புழுவா?"

"வாயை மூடு ஹாய்ட். இடுப்புல வைக்கிற மாதிரி. யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமா வீட்ல இருக்கறவளுக்குத் தெரியக் கூடாது. கட்டிப்பிடிச்சாலும் தெரியக் கூடாது."

ஹாய்ட்டின் சிரிப்பு போய்விட்டது. அவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மூன்றை எடுத்து, உள்ளே குண்டு இல்லை என்று திறந்து காட்டிவிட்டு வரிசையாக வைத்தார். பெரியது போலீஸ்காரர் வைத்திருப்பது மாதிரி. நடு அளவு ஒன்று. கடைசியாக, சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு குட்டி.

"பெருசு சுடறதுக்கு சுகம், சுமக்கறதுக்குக் கஷ்டம். குட்டி சுமக்கறதுக்கு சுகம், சுடறதுக்குக் கஷ்டம்."

"நடுவுல இருக்கறது?"

"அது ரெண்டுலயும் கொஞ்சம் கஷ்டம்."

"நல்லா பண்றய்யா வியாபாரம்."

"உண்மையச் சொல்றேன். நீளத்தைப் பாத்து பயப்படாத. நீளம் பேன்ட்டுக்குள்ள இறங்கிடும். பிடிதான் துருத்திக்கிட்டு நிக்கும், சட்டைமேல காட்டிக்குடுக்கறது அதுதான். இன்னொண்ணும் சொல்றேன், நல்ல சைஸுன்னா என்ன தெரியுமா? இடுப்புல இருக்குங்கறதே மறந்துபோகணும். இல்லேன்னா ஒரு வாரம் போடுவ, அப்புறம் அலமாரில வச்சிடுவ. வேணுங்கற அன்னைக்கு அது அலமாரில இருக்கும்."

நெல்டா மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு பழுப்புக் காகிதமும் பென்சிலும் கேட்டாள். ஒவ்வொன்றையும் காகிதத்தில் படுக்கவைத்துச் சுற்றிக் கோடு போட்டாள். எத்தனை அவுன்ஸ் என்று கேட்டு ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

"என்னம்மா பண்ற? அதுக்குச் சட்டை தைக்கப் போறியா?"

"போட்டுப் பாக்காம அளவு எப்படித் தெரியும்?"

தையல்காரி வேறு எப்படிச் செய்வாள்? நல்ல துணியை வெட்டுவதற்கு முன்னால் மலிவுத் துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்ப்பது அவள் பழக்கம். கடையில் யாரும் இல்லாத நேரத்தில் அட்டையை அடுக்கி ஒட்டி, கான்வாஸ் சுற்றி, திரைச்சீலை ஓரத்தில் கனத்துக்கு வைக்கிற ஈயத் துண்டுகளை உள்ளே தைத்து, தபால் தராசில் நிறுத்து, மூன்று பொய்த் துப்பாக்கி செய்தாள். ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும். காசு கொடுத்து வாங்கிவிட்டுக் கஷ்டப்படுவதைவிட இது மேல் என்று நானும் சொல்வேன்.

முதல் வாரம் பெரியதைக் கட்டினாள். பாவாடை இடுப்பில் எலாஸ்டிக். அது தாங்காமல் சரிந்தது. உள்ளே கெட்டியாக ஒரு தோல் பெல்ட் கட்டினாள். தையல் மிஷினில் உட்கார்ந்தால் அதன் நுனி நாற்காலியில் முட்டி, பிடி விலா எலும்பைத் தேடிவந்து குத்தியது. மூன்றாம் நாள் இடுப்பில் பிளம் பழம் அளவுக்கு ஒரு கன்றிப்போன தடம். நாலாம் நாள் காலையில் ட்வைலா வேலைக்குக் கிளம்பும்போது, வழக்கம்போல வந்து கட்டிப்பிடித்தாள். அவள் கை பின்னால் இறங்கிச் சட்டென்று நின்றது.

"என்னக்கா இடுப்புல?"

"டேப் டப்பாடி. எடுத்து வைக்க மறந்துட்டேன்."

ட்வைலா ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில் அவளுக்கு வேலை, கடையிலிருந்து இரண்டு தெரு. அன்றிலிருந்து இடது பக்கமாகத் திரும்பி, தோளால் மட்டும் கட்டிப்பிடிக்கப் பழகினாள்.

குட்டியைக் கட்டிய வாரம் வேறு மாதிரி. திங்கட்கிழமை கட்டினாள். செவ்வாய்க்கிழமை அது இருப்பதே தெரியவில்லை. புதன்கிழமை காலையில் குளிக்கப் போனவள் பெல்ட்டோடு ஷவருக்கு அடியில் நின்றுவிட்டாள்! அட்டை நனைந்து கஞ்சியாக வழிந்தபோதுதான் நினைவே வந்தது. பிப்ரவரிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். ஹாய்ட் சொன்ன அளவு இதுதான், மறந்துபோகிற அளவு, என்று நினைத்தாள். நடு அளவைக் கட்டிக்கூடப் பார்க்காமல் குட்டியை வாங்கினாள்.

ஹாய்ட்டின் கடைக்குப் பின்னால் மண்மேடு ஒன்று உண்டு. அங்கே காகிதத் தட்டு ஒன்றைக் குத்திவைத்து, ஏழு தப்படி தள்ளி அவளை நிற்கவைத்தார். அவளுடைய சுண்டுவிரலுக்குப் பிடியில் இடமே இல்லை, அது அந்தரத்தில் தொங்கியது. ஒவ்வொரு வெடிக்கும் குட்டி உள்ளங்கையில் துள்ளியது, பிடித்த கோழி விடுபடப் பார்க்கிற மாதிரி. பதினெட்டு குண்டில் தட்டில் பட்டது நாலு. கட்டைவிரல் இடுக்கில் தோல் உரிந்து ரத்தம்.

ஹாய்ட் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பார் என்று அவள் காத்திருந்தாள், சிரித்திருந்தால் தேவலை.

"மிச்சம் பதினாலு எங்க போச்சு?" என்று நெல்டாதான் கேட்டாள்.

"மண்ணுல."

"இங்க மண்ணு இருக்கு. வீட்ல?"

வீட்டில் சுவர் இருக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் ட்வைலா இருக்கிறாள். ஹாய்ட் குட்டியை வாங்கி வைத்துக்கொண்டு நடு அளவைக் கையில் கொடுத்தார். பதினெட்டில் பதினைந்து.

நடு அளவு வந்தது. அதோடு தினமும் ஒரு குத்தலும் வந்தது. நிற்கும்போது பரவாயில்லை, நடக்கும்போது பரவாயில்லை. ஊசியில் நூல் கோக்கக் குனிந்தால், விலாவுக்குக் கீழே ஒரே இடத்தில், அதே இடத்தில், விரலால் இடிப்பதுபோல் இடிக்கும். தையல்காரி பொழுதெல்லாம் குனிகிற ஜென்மம். பத்து நாள் பொறுத்தாள். பதினோராம் நாளிலிருந்து, கடைக்கு வந்ததும் கழற்றிக் கல்லாவுக்குக் கீழே இருக்கிற இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, சாயங்காலம் கிளம்பும்போது மாட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். ஹாய்ட் அலமாரி என்று சொன்னது இழுப்பறையாக வந்து நின்றது, அவ்வளவுதான்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி இருக்கும். கதவு மணி அடித்தது. நெல்டா மிஷினிலிருந்து நிமிர்ந்தாள்.

ராய்ஸ் நின்றுகொண்டிருந்தான். கையில் அவனுடைய நல்ல கறுப்பு பேன்ட்.

"என்னக்கா, சுகமா இருக்கீங்களா?"

ராய்ஸ் தம்பி என்றுதான் அவள் அவனைக் கூப்பிடுவாள், பத்தொன்பது வருஷமாக. இப்போது எந்த வார்த்தையும் வரவில்லை.

"அடுத்த வாரம் கோர்ட்டு. இது தொளதொளன்னு ஆயிடுச்சு. ஜட்ஜு முன்னால பிச்சைக்காரன் மாதிரி நிக்க முடியுமா? இடுப்பைக் கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க."

வெளியே போடா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் எங்கே போவான்? இரண்டு தெரு தள்ளி ட்வைலா மத்தியானச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பாள். நெல்டா இழுப்பறையைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். மூன்று எட்டு தூரம், ஒரு பூட்டு, சாவி பாவாடைப் பையில். முந்நூறு எட்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

"இங்க வந்து நில்லு" என்றாள்.

அவன் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றான். தாடையில் சதை வற்றியிருந்தது. சட்டைக் காலரில் இரண்டு விரல் நுழையும். அவள் நாலு குண்டூசியை எடுத்து வாயில் கடித்துக்கொண்டாள். உதடு நடுங்குவது தெரியாமல் இருக்க வேறு வழி இல்லை.

"அவ எப்படி இருக்கா?"

"ம்."

"அந்த நீலக் கோட்டு அவளுக்கு நல்லா இருக்கு. நேத்துப் பாத்தேன்."

டேப் அவள் கையில் சுருண்டது. பிரித்தாள். வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது, குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து.

"இடுப்புல ஏதாவது வைப்பீங்களா?"

ராய்ஸ் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"இல்லக்கா. கோர்ட்டுக்குப் போற பேன்ட்டு. அதுவும் இப்ப நான் சுத்தமான ஆளு. எல்லாத்தையும் குடுத்தாச்சு, கையெழுத்தும் போட்டாச்சு. அளந்துக்கோங்க" என்று இரண்டு கையையும் தூக்கினான்.

அவள் முதலில் சீட்டை, அதாவது உட்காருகிற இடத்தைச் சுற்றி அளந்தாள். போன இலையுதிர் காலத்தில் நாற்பத்து நாலு. அட்டை பார்க்காமலே அவளுக்குத் தெரியும். இப்போது நாற்பத்தொன்று. மூன்று அங்குலம் இளைத்திருக்கிறான். அப்போது இடுப்பு முப்பத்தெட்டு. ஆகவே இப்போது முப்பத்தைந்து வர வேண்டும். டேப்பைச் சட்டைமேல் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள். வலது பக்கம், கொஞ்சம் பின்னால், டேப் எதிலோ ஏறி இறங்கியது.

அந்த இடம் அவளுக்குத் தெரிந்த இடம். அதற்கு இடம் விட்டதே அவள்தான்.

டேப் ஏறிய அதே நொடியில் ராய்ஸின் வலது முழங்கை சட்டென்று இறங்கி அவள் கையை இடுப்போடு அழுத்தியது. கண்ணாடியில் அவன் முகம் மாறியது. இவ்வளவு நேரம் அவனுக்கே நினைவில்லை என்று நெல்டாவுக்கு அப்போது புரிந்தது. இருபது வருஷமாகத் தினம் காலையில் பல் விளக்குகிற மாதிரி எடுத்து மாட்டிக்கொண்ட பொருள். அது இடுப்பில் இருக்கிறது என்பதே மறந்துபோய், அளந்துக்கோ என்று கையைத் தூக்கிவிட்டான்.

அவள் கை அந்த முழங்கைக்கும் அந்த இரும்புக்கும் நடுவில் மாட்டியிருந்தது. அவன் மூச்சு விடாமல் கண்ணாடியில் அவள் கண்ணையே பார்த்தான்.

நெல்டா வாயிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்தாள்.

"கையைத் தூக்குப்பா. ஆடினா ஊசி ஏறிடும், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

ஒன்று. இரண்டு. மூன்று. கை மெதுவாக மேலே போனது.

அவள் டேப்பை முன்னால் கொண்டுவந்து பிடித்தாள். முப்பத்தேழு.

"முப்பத்தஞ்சு" என்று சத்தமாகச் சொன்னாள். அவன் கண்ணுக்கு முன்னாலேயே அட்டையில் முப்பத்தைந்து என்று எழுதினாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் வேண்டுமென்றே சொன்ன முதல் பொய் அளவு அது. எழுத்து கோணவில்லை, எப்படிக் கோணாமல் வந்தது என்று அவளுக்கே தெரியாது.

ராய்ஸின் தோள் தளர்ந்தது.

"பாத்தீங்களா? எப்படி எளைச்சிட்டேன்னு. அவ சமைச்சுப் போடாம."

"வெள்ளிக்கிழமை வா."

மணி அடித்துக் கதவு மூடியது. டிரக் கிளம்பி எந்தப் பக்கம் போகிறது என்று சத்தத்தை வைத்துக் கவனித்தாள். முதியோர் இல்லம் பக்கம் இல்லை, மாட்டுத் தீவனக் கடைப் பக்கம். அப்புறம்தான் மிச்சக் குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்தாள். கதவைத் தாழிட்டாள். இழுப்பறையைத் திறந்தாள். அது உள்ளே கறுப்பாக, சாதுவாகப் படுத்திருந்தது.

இடுப்பில் இருந்திருந்தால் என்று யோசித்தாள். அவன் முழங்கை இறங்கிய அந்த நொடியில் அவள் கையும் பின்னால்தான் போயிருக்கும். ஒரு முழ இடைவெளியில் இரண்டு பேர், இரண்டு கை. அந்த யோசனை அவனைவிட அதிகமாக அவளைப் பயமுறுத்தியது. இழுப்பறையை மூடிவிட்டுப் போனை எடுத்தாள்.

கார்லண்ட் மேப்ரி ஷெரீப் ஆபீஸில் டெபுடி, ஊருக்குப் போலீஸ்காரர். நல்ல மனுஷன், கொஞ்சம் மந்தம்.

"கண்ணால பாத்தீங்களாம்மா?"

"பாக்கல. அளந்தேன்."

"அளந்தீங்களா?"

"வலது பக்கம், கொஞ்சம் பின்னாடி. வேலை இல்லாத நாள்ல நீங்க வைக்கிற அதே இடம் கார்லண்ட். பிடி மட்டும் உங்களோடதை விட ஒரு விரக்கடை குட்டை. இடுப்பு முப்பத்தஞ்சு, டேப்பு சொல்றது முப்பத்தேழு. அந்த ரெண்டு அங்குலம் என்னன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

போனில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. கார்லண்டின் பேன்ட்டை அவள் இரண்டு தடவை பிரித்து விட்டிருக்கிறாள்.

"எந்தப் பக்கம் போனான்?" என்றார்.

மூன்றரை மணிக்கு ட்வைலா வேலை முடிந்து கடைக்கு வந்தாள். நெல்டா அவளிடம் ஒன்றும் சொல்லாமல் உட்காரவைத்து, காலையில் கொண்டுவந்த சோள ரொட்டியைக் கொடுத்தாள். இழுப்பறையில் இருந்தது இப்போது நெல்டாவின் இடுப்பில் இருந்தது. நாலு மணிக்கு கார்லண்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"தீவனக் கடை வாசல்ல பிடிச்சோம். சொன்ன இடத்துலயே இருந்துச்சு. சட்டையத் தூக்கினதும் அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'வீட்லயே கழட்டி வைக்கணும்னு நெனச்சேன், மறந்துட்டேன்'னான். பொய்யின்னு எனக்குத் தோணல."

"எத்தனை நாள் உள்ள இருப்பான்?" என்று நெல்டா கேட்டாள்.

"திங்கக்கிழமை வரைக்கும் உறுதி. அப்புறம் ஜட்ஜு கையில. இந்தத் தடவை காகிதம் பத்தாதுன்னு நெனைக்கிறேன்." ட்வைலா பக்கம் திரும்பி, "உங்க அக்கா டேப்புக்குத்தாம்மா நன்றி சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ட்வைலா ரொட்டியைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நெல்டா நினைத்தாள். அழவில்லை.

"என்னைய அளக்க விடு" என்றாள்.

"என்னடி?"

"டேப்பைக் குடு. உன் இடுப்பை அளக்கணும்."

நெல்டா டேப்பைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"டேப் டப்பான்னு சொன்ன. நானும் நம்பணும்னுதான் பாத்தேன். அப்புறம் நீ இடது தோளால மட்டும் கட்டிப்பிடிக்க ஆரம்பிச்ச. வலது இடுப்பு படாம. அக்கா, ராய்ஸும் அப்படித்தான் கட்டிப்பிடிப்பான்."

நெல்டாவின் கண் நிறைந்துவிட்டது. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"போயிடுவியா?"

"போறதுக்குத்தான் மூணு வாரமா பையை எடுத்து எடுத்து வைக்கிறேன்." ட்வைலா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "எங்க போறதுன்னு தெரியாம திரும்பப் பிரிச்சு வைக்கிறேன். சொல்லு. அது உனக்குச் சுகமா இருக்கா?"

"இல்லடி. குத்துது. உக்காந்தா குத்துது, குனிஞ்சா குத்துது. ஒரு நிமிஷம் விடாம, இருக்கேன் இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருக்கு."

"அவனுக்குக் குத்தவே இல்ல" என்றாள் ட்வைலா. "மேசைமேல எடுத்து வைக்கறதுகூட அவனுக்குத் தெரியாது. மூக்குக்கண்ணாடி கழட்டி வைக்கற மாதிரி."

பிறகு இரண்டு பேரும் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் நெல்டா பெல்ட்டைக் கழற்றினாள். ட்வைலா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். மேசைமேல் பின்டோ பீன்ஸும் வெங்காயமும் இருந்தன, வேறு ஒன்றும் இல்லை. உப்பை இரண்டு பேருமே கேட்கவில்லை. அது அவரவர் கைக்கு எட்டுகிற தூரத்தில், நடுவில் இருந்தது. துணிப் பை இன்னும் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. ட்வைலா அதைப் பிரிக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

சனிக்கிழமை மண்மேட்டுக்குப் போனபோது ஹாய்ட் ஒரு புது உறை எடுத்து வைத்திருந்தார், பஞ்சு வைத்துத் தைத்தது.

"இதுல போட்டுப் பாரு. குத்தவே குத்தாது. ரெண்டு நாள்ல மறந்துடுவ."

"வேண்டாம்."

"ஏன்? குத்துதுன்னு நீதான புலம்பின?"

"குத்தட்டும்" என்றாள் நெல்டா. "திங்கக்கிழமை அவன் வெளிய வந்தாலும் வருவான். அன்னைக்கு நான் எதையும் மறந்துட்டு நிக்கக் கூடாது."

ஹாய்ட் எவ்வளவோ சொன்னார். அவள் கேட்கவில்லை. காகிதத் தட்டைத் தானே கொண்டுபோய்க் குத்திவைத்துவிட்டு, ஏழு தப்படி எண்ணிக்கொண்டு திரும்பி வந்தாள்.